அப்பா ஓட்டிவிட்ட காட்சிகள்

எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட் எப்போதும் அப்பாவின் கையில்தான் இருக்கும். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில், படுக்கும்போது தலையணைக்கு அடியில். அதை அவர் அதிகாரமாக நினைக்கவில்லை, ஒரு பொறுப்பாக நினைத்தார். திரையில் ஒரு ஆணும் பெண்ணும் கொஞ்சம் நெருங்கி நின்றால் போதும், அவருடைய கட்டைவிரல் தானாகவே, காட்சியை வேகமாக ஓட்டிவிடும் பொத்தானுக்குப் போய்விடும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்த வசதி கிடையாது. அப்போதெல்லாம் "தண்ணி கொண்டாத்தா" என்று என்னை அடுப்படிக்கு அனுப்புவார். காதல் பாட்டு வந்தால் அவருக்குத் தாகமெடுக்கும் என்பது எங்கள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்த கதை. எனக்குக் கல்யாணமாகி, கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

நான் சொல்வது என்னுடைய தலை ஆடி. வைகாசியில் கல்யாணம், மாப்பிள்ளை வீடு சமயநல்லூரில். எங்கள் பக்கம் புதுப்பெண்ணை முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்து, மாதம் முழுக்க வைத்திருந்து, ஆவணி பிறந்ததும் பலகாரப் பாத்திரங்களோடு திருப்பி அனுப்புவார்கள். ஆடியில் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், ஆகாது என்பது கணக்கு. இந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவான் யாரென்று தெரிந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். அம்மாவும் பெரியப்பாவும் வேன் பிடித்து வந்து என்னைச் செல்லூருக்கு அழைத்துப் போனபோது, சமயநல்லூர் தாண்டியதும் கண் கலங்கிவிட்டது. புருசனைப் பிரிகிற ஏக்கம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். "ஒரு மாசந்தானத்தா, கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும்" என்று தேற்றினாள். அது போய்விடுமே என்பதுதான் என் பயம். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடாது என்று நான் வேனில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். யாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

காரணத்தை இப்போது எழுதிவிட முடிகிறது. என் புருசன் பகலில் தங்கமான மனிதர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பெரியவர்கள் முன்னால் குரல் உயராது. கதவைச் சாத்திய பிறகு என் கழுத்தைப் பிடிப்பார். விளையாட்டுப் போலத் தொடங்கும். கண் இருட்டி, காதுக்குள் இரைச்சல் கேட்கிறவரை விடமாட்டார். கையைக் காலை உதறினால் இன்னும் இறுக்குவார். அப்புறம் விட்டுவிட்டு, சிரித்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். காலையில் "காப்பி குடிச்சியா?" என்று அக்கறையாகக் கேட்பார். ஒரு நாள் விட மறந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. செல்லூர் வந்த முதல் வாரத்தில் அம்மாவிடம் இதில் பாதியைச் சொன்னேன். பாதிக்கே அவள் முகம் சிவந்துவிட்டது. புதிதில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும், இதெல்லாம் வெளியே சொல்கிற சங்கதியா என்று சொல்லிவிட்டு, பொங்காத பாலைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்பா அப்போது மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டோடு கிடந்தார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக நின்றே சம்பாதித்த மூட்டுவலி. வாக்கரைப் பிடித்துக் கழிப்பறைவரை போய்வருவதே அவருக்கு வெளியூர்ப் பயணம். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் தூங்கவும் முடியாது. கூட வேலை பார்த்த டிரைவர் ஒருவர் போனில் யோசனை சொன்னார். ரோமாபுரியில் அடிமைகளைச் சண்டைக்கு விடுகிற ஒரு தொடர் வருகிறது, தமிழிலேயே பேசுகிறார்கள், பார்த்தால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்றார். எழுந்திருக்க முடியாத மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான தொடர் கிடையாது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் தொடங்கும். அந்தத் தொடரில் வானம் வானம் போல இருக்காது, பெயின்ட் அடித்த சுவர் போல இருக்கும். ஆட்கள் எண்ணெய் பூசின உடம்போடு மணலில் ஓடிவந்து தாவுவார்கள், தாவியவர் தரைக்கு வர வெகுநேரம் ஆகும். வெட்டுப்பட்டால் ரத்தம் மெதுவாகக் கிளம்பி, அந்தரத்தில் நின்று யோசித்துவிட்டுத் திரை முழுக்கத் தெறிக்கும். "ஒரு ஆளுக்கு இம்புட்டு ரத்தமா இருக்கும்?" என்று அப்பா முதல் நாளே சந்தேகப்பட்டார். அவர்கள் பேசிய தமிழோ, திருவிழா நாடகத்து ராஜபார்ட் தமிழ். கத்தியால் குத்துகிற அவசரத்திலும் முழு வாக்கியமாகப் பேசினார்கள். அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, சட்டை போடாத பயல்களை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்று முணுமுணுப்பாள். ஆனால் முக்கியமான சண்டைக்கு மட்டும் திரும்பிவிடுவாள்.

கதை எளிதானது. ஒரு எசமான். அவன் வீட்டின் மேல்மாடியில் விருந்து நடக்கும், கீழே கல் அறைகளில் சண்டைக்கார அடிமைகளை அடைத்து வைத்திருப்பான். கதாநாயகன் மலைநாட்டில் குதிரை மேய்த்தவன், பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா அவனோடு அப்படியே ஒட்டிக்கொண்டார். அவன் தப்பிக்கப் பார்த்த ஒவ்வொரு தடவையும் ஆபரேஷன் செய்த காலை மறந்து எழப்போனார். ஒரு கட்டத்தில் எசமான் அவனைக் காவல் இல்லாமல் சந்தைக்கு அனுப்புகிறான். அவனும் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் தானாகவே திரும்பி வருகிறான். அப்பாவுக்கு வந்ததே கோபம். "வாசல் தொறந்து கெடக்கு, ஓடாம திரும்பி வாரான் பாரு கூமுட்டைப் பய" என்று அன்றைக்கு முழுக்கத் திட்டினார். எனக்கு அவன் ஏன் திரும்பி வந்தான் என்று நன்றாகவே புரிந்தது. ஓடிப்போனால் எங்கே போவது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

அப்பா செய்த தவறு ஒன்று உண்டு, அது எங்களைப் போன்ற வீட்டில் மட்டுமே நடக்கும். அந்தத் தொடரில் சண்டையெல்லாம் மணலில் நடந்தாலும் சதியெல்லாம் கட்டிலில்தான் நடந்தது. யாரைக் கொல்வது, யாரை விற்பது, எந்த வீரனுக்கு விஷம் வைப்பது என்று எல்லா முடிவையும் அவர்கள் போர்வைக்குள் படுத்துக்கொண்டு எடுத்தார்கள். அப்பா போர்வையைக் கண்டதும் ஓட்டிவிடுவார். அதனால் அவர் பார்த்த கதையில் சாவுகள் இருந்தன, காரணங்கள் இல்லை. அடிமைகளுக்குச் சண்டை சொல்லிக்கொடுக்கும் கிழட்டு வாத்தியார் ஒருவர் திடீரென்று செத்துக் கிடப்பார். "இவன் நேத்து நல்லாத்தான இருந்தான்?" என்று அப்பா திகைப்பார். பிறகு அவரே ஒரு காரணத்தைக் கட்டுவார். வாத்தியாரைக் கொன்றது சமையற்காரன் என்று தீர்மானித்தார், ஏனென்றால் அவன் கையில் எப்போதும் கறி வெட்டும் கத்தி இருந்தது. எசமானின் மனைவியோ அவர் கணக்கில் பத்தரைமாற்றுத் தங்கம். மாடியில் நின்று எல்லோருக்கும் பழம் கொடுக்கிறாள், புருசனுக்கு முன்னால் தலை குனிகிறாள். இவளைப் போல ஒருத்தி இருப்பதால்தான் அந்த வீடு நிற்கிறது என்றார்.

வாத்தியாரைக் கொல்லச் சொன்னவளே அவள்தான். எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்பா ஓட்டிவிட்டதையெல்லாம் நான் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும்போது என் போனில் பார்த்துவிடுவேன். ஒரு மதியம் வாய் தவறி, சமையற்காரன் இல்லை, அந்தம்மாதான் ஆள் வைத்துக் கொன்றாள் என்று சொல்லிவிட்டேன். எப்போது சொன்னாள், நானும்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்பா கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் அந்தக் காட்சியைப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு முறை முறைத்தாள். கடைசியில் பாவப்பட்ட அந்தச் சமையற்காரன் தலையிலேயே கொலைப்பழி தங்கிவிட்டது.

ஆடி இப்படியே ஓடியது. அம்மன் கோயில் கூழ், ஆடிவெள்ளி, ஆடிப்பெருக்கு என்று ஒவ்வொன்றாகப் போகப் போக, ஆவணிக்கு மிச்சமிருந்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தெருவில் இறங்கினால் போதும், தறிக்கூடத்து வாசலில் நிற்பவர்கள் முதல் பால்காரர்வரை கேட்பது ஒரே கேள்வி. "எப்பத்தா ஊருக்குப் போற?" நல்ல மனசோடுதான் கேட்டார்கள். ரோமாபுரியில் ஒருத்தனை அடைத்துவைக்கச் சுவரும் சங்கிலியும் காவலாளும் வேண்டியிருந்தது. செல்லூரில் அந்த ஒரு கேள்வி போதும். கல்யாணத்துக்கு முன்னால் கோரிப்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன், அங்கே போய் வேலை கேட்கலாம் என்று ஒரு நாள் கிளம்பி, தெருமுனை தாண்டுவதற்குள் மூன்று பேருக்குப் பதில் சொல்லி, திரும்பி வந்துவிட்டேன். அப்பா திட்டின அந்தக் கூமுட்டைப் பயலும் நானும் ஒன்று என்று நினைத்தபோது என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்த அன்று, இனி தாங்காது என்று அப்பாவிடம் போய், நான் சமயநல்லூருக்குப் போகவில்லை என்று சொன்னேன். அவர் தொடரை நிறுத்தினார். பதறவில்லை. நிதானமாக விசாரித்தார்.

"மாப்ள குடிக்கிறாரா?"

"இல்லப்பா."

"கை நீட்டுறாரா?"

அடித்தாரா என்று கேட்டால் அடிக்கவில்லை. "இல்லப்பா."

"வேற பொம்பள சகவாசம்?"

"இல்ல."

"அப்புறம் என்னத்தா?"

அவர் கேட்டதெல்லாம் பகலில் நடக்கிற குற்றங்கள். என்னுடையதற்கு அவரிடம் கேள்வியே இல்லை. நான் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, ஏதோ நெருங்கி வருகிறது என்று தெரிந்துகொண்டது போல, சட்டென்று பார்வையைத் திருப்பி, எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அம்மா சொன்னதையே சொன்னார். பிறகு ரிமோட்டை எடுத்து விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டார். எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அன்றைக்கு அது நியாயமாகத்தான் இருந்தது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து அவர்கள் வந்தார்கள். என் புருசன், அவருடைய அம்மா, பெண்பார்த்ததிலிருந்து பேச்சை நடத்திவைத்த எங்கள் பெரியப்பா. அப்பாவுக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தோம். மாமியார் பாயில் உட்கார்ந்தார். நான் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றேன், எங்கள் வீடுகளில் பெண்ணைப் பற்றிப் பேசும்போது பெண் நிற்கவேண்டிய இடம் அதுதான். நான் வர மறுப்பதை அம்மா முதல் நாளே பெரியப்பா காதில் போட்டிருந்தாள். அவர் சுற்றி வளைத்து, சின்னஞ்சிறுசுகளுக்குள் ஆயிரம் இருக்கும், பெரியவர்கள்தான் பூசி மெழுகி எடுத்துப் போகவேண்டும் என்று ஆரம்பித்தார். அப்போது என் புருசன் என் பக்கம் திரும்பாமல், அப்பாவைப் பார்த்து, மெல்லிய குரலில் சொன்னார்.

"நான் என்ன கொற வச்சேன்னு சபையில சொல்லச் சொல்லுங்க மாமா."

அவ்வளவு நம்பிக்கை அவருக்கு. நான் சொல்லமாட்டேன், என்னால் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கைதான் என் வாயைத் திறந்தது.

"ரூம் கதவச் சாத்துனதும் என் கழுத்த நெரிக்கிறாரு. மூச்சு நிக்கிறவரைக்கும் விடமாட்டேங்குறாரு. அங்க போனா நான் செத்துருவேன்."

மாமியார் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். என் புருசன் தரையைப் பார்த்தார். பெரியப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமி, "சரி சரி, அதெல்லாம் பொம்பளைங்க உள்ள வச்சுப் பேசிக்கிறது. ஆகவேண்டியதப் பாப்போம்" என்றார். நான் சொன்னது சொல்லாதது போல ஆகிவிட்டது. அடுத்த பேச்சு வெள்ளிக்கிழமை வளர்பிறையா தேய்பிறையா என்பதில் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போவதாக முடிவாயிற்று. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் மூட்டின் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். அவர்கள் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். சொல்லாமல் இருந்தவரை, சொன்னால் விடிந்துவிடும் என்ற நினைப்பாவது இருந்தது. சொல்லியும் ஆகிவிட்டது. அன்று அடுப்படியில் உட்கார்ந்து, இனி யாரிடம் போவேன் என்று குமுறிக் குமுறி அழுதேன்.

அடுத்த நாள் டி.வி. ஓடவில்லை. அதற்கு மறுநாள் மதியம் சத்தம் கேட்டு ஹாலுக்குப் போனேன். அப்பா தொடரை முதல் பாகத்திலிருந்து மறுபடி போட்டிருந்தார். எசமானின் மனைவி கட்டிலில் படுத்திருந்தாள். ரிமோட் அவர் மடியில் கிடந்தது, கை நாற்காலிப் பிடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் காதெல்லாம் சிவந்து முகத்தைக் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் ஓட்டிவிடவில்லை. அம்மா வந்து பார்த்து, வயசான காலத்தில் இந்த மனுசனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நானும் அங்கே நிற்க முடியாமல் பின்கட்டுக்குப் போனேன். சாயங்காலம் காப்பி கொண்டுபோய் வைத்தபோது அவர் டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்.

"இவதேன் கொன்னிருக்கா. சமையக்காரன் இல்ல."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அது பாட்டுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா என் பெட்டியில் புடவைகளை மடித்து வைக்க ஆரம்பித்திருந்தாள்.

புதன்கிழமை காலை, டாக்டர் சொன்னபடி அப்பா வாக்கரோடு தெருவில் நடக்க இறங்கினார். அம்மா பின்னாலேயே போனாள். நான் சன்னல் ஓரத்தில் நின்று அவர் விழுந்துவிடாமல் போகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், வழக்கமான விசாரணையை ஆரம்பித்தார்.

"என்னண்ணே, ஆடி முடிஞ்சு இம்புட்டு நாளாச்சு, பாப்பா இன்னும் ஊருக்குப் போகலையா?"

அதற்கு எங்கள் வீட்டில் தயாராக ஒரு பதில் இருந்தது. இவருக்கு முடியவில்லை, கூடமாட ஒத்தாசைக்கு இருக்கிறாள், வெள்ளிக்கிழமை போகிறாள். அம்மா அதைச் சொல்ல வாயெடுத்தாள். அப்பா வாக்கரை ஊன்றி நின்றார்.

"போக மாட்டா" என்றார்.

"ஏண்ணே, மாப்ள வந்துட்டுப் போனாரே?"

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அக்கா கையில் நூலோடு காத்திருந்தார். தறிக்கூடத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தார். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

"ரூமுக்குள்ள வச்சு எம்பிள்ள கழுத்த நெரிச்சிருக்கான். படுக்கையில. செத்துருக்க வேண்டியவ, உசுரோட வந்திருக்கா. அதேன் அனுப்பல."

அக்கா நூலைக் கீழே வைத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்து, கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மானம் போச்சே, மானம் போச்சே என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்தத் தெருவில் இனி எப்படி நடப்பேன் என்று தோன்றியது. கூடவே, வைகாசிக்குப் பிறகு முதல் தடவையாக, நான் பிழைத்துக்கொள்வேன் என்றும் தோன்றியது.

அப்பா தெருக்கோடிவரை போய்த்தான் திரும்பினார். அன்று அவர் நடந்ததுதான் ஆபரேஷனுக்குப் பிறகு அதிக தூரம். உள்ளே வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த விஷயத்தை இன்றுவரை என்னிடம் நேராகப் பேசியதும் இல்லை. கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"பெரியப்பாவுக்குப் போனப் போட்டுக் குடு. வெள்ளிக்கிழம யாரும் வர வேணாம்னு நாந்தேன் சொல்லணும்."